யார் யாரைச் சுமப்பது?

நடந்து செல்பவர் எவருக்கும் பாரமாக இருப்பதில்லை என்பது பொதுவான எண்ணம். எனக்கும் அவ்வெண்ணம் இருந்தது. பழைய கல்கத்தாவின் தெருக்களைக் கால்நடையாகவே காண வேண்டும் என்று நான் உறுதி பூண்டதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த உறுதியை ஒரு ரிக்‌ஷாத் தொழிலாளி ஒரே வாக்கியத்தில் அசைத்துவிட்டார். அன்று எழுந்த கேள்வி இன்னும் என்னுள் இருக்கிறது. அதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

கல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள சால்ட் லேக்கில், மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். பிதான்நகர் என்பது அதன் முறையான பெயர். ஒரு காலத்தில் அது உப்புநீர்ச் சதுப்பு நிலம். டாக்டர் பிதான் சந்திர ராய் முதலமைச்சராக இருந்தபோது, 1962 ஏப்ரலில், ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய்கள் வழியே கொண்டுவந்து கொட்டிச் சதுப்பை மேடாக்கும் பணி தொடங்கியது. நகரின் வரைபடத்தைத் தீட்டியவர் யூகோஸ்லாவிய நாட்டைச் சேர்ந்த தோஷ்கோவிச் என்ற நிபுணர். அகலமான சாலைகள், நிழல் தரும் மரங்கள், வட்டமான சந்திப்புகள் எல்லாம் உண்டு. ஆனால் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பெயர் கிடையாது, ஏ.ஈ., பி.எஃப்., சி.கே. என்று எழுத்துகள் மட்டுமே. வரலாறே இல்லாத ஊர் என்றும் சொல்லிவிட முடியாது. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து உயிர் பிழைத்து வந்த அகதிகளின் மிகப் பெரிய முகாம்களுள் ஒன்று இந்த மேட்டு நிலத்தில்தான் இருந்தது. இன்று அதன் சுவடு ஏதும் கண்ணில் படுவதில்லை. காலையில் பூங்காவைச் சுற்றி நடப்பவர்களைப் பார்த்தேன். பெரும்பாலோர் என்னைப் போலவே மருத்துவர் சொல்லி நடப்பவர்கள்!

இங்குள்ள மெட்ரோ ரயில் நிலையம் ஒன்றின் பெயர் கருணாமயி. அங்கே ஏறினால் அரைமணி நேரத்திற்குள் சியால்தாவில் இறங்கிவிடலாம். கருணையே வடிவானவள் என்று பொருள்படும் அந்த ஊரில் புறப்பட்டு, கருணை என்றால் என்ன என்பதை அறியாமலேயே நான் அன்று திரும்பி வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சியால்தாவில் கால் வைத்ததும் 1897 பிப்ரவரி நினைவுக்கு வரும். மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் அந்த ரயில் நிலையத்தில் இறங்கியபோது, மாணவர்கள் அவரது வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே வண்டியை ரிப்பன் கல்லூரி வரை இழுத்துச் சென்றார்கள். அந்த வழியாகவே நானும் மேற்கு நோக்கி நடந்தேன். காலேஜ் தெருவின் புத்தகக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. தெருவோரக் குழாய்களில் வடிகட்டாத கங்கை நீர் பொங்கி வழிந்தது. அதைக் கொண்டுதான் அங்கே தெருவைக் கழுவுகிறார்கள். சுமை தூக்குபவர்கள் அதிலேயே குளிக்கிறார்கள். ஒரு செம்புக் கங்கை நீரைப் பூஜையறையில் போற்றி வைத்திருக்கும் நமக்கு இது விந்தையான காட்சி. நீராடி எழுந்த ஒருவர் நடைபாதையிலேயே கிழக்கு நோக்கி நின்று சூரியனைக் கைகூப்பி வணங்கினார். ரயிலிலோ காரிலோ சென்றிருந்தால் அந்த அரை நிமிடம் எனக்குக் கிடைத்திருக்காது.

வடக்கே திரும்பினால் பிதான் சரணி. சால்ட் லேக்கிற்குப் பெயர் தந்த அதே மருத்துவரின் பெயர்தான் இந்தப் பழைய சாலைக்கும். முன்பு இது கார்ன்வாலிஸ் தெரு. சாலையை ஒட்டியே டன்டனியா சித்தேஸ்வரி காளி கோயில் இருக்கிறது. 1852 வாக்கில், பதினாறு வயது இளைஞராகக் காமார்புகூரிலிருந்து வந்த கதாதரர், பின்னாளில் ஸ்ரீராமகிருஷ்ணர், பக்கத்திலுள்ள ஜாமாபுகூரில் தமையனாருடன் தங்கி, வீடு வீடாகச் சென்று பூஜை செய்துவந்தார். இந்தக் கோயிலில் அவர் அன்னையின் முன் பாடியதாக இங்குள்ளோர் சொல்வர். குறுகலான சந்துகள், பச்சை வண்ண மரச் சட்டங்கள் வைத்த சன்னல்கள், வீட்டு வாசலில் ரோயாக் எனப்படும் திண்ணைகள்! தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவருக்கு அந்தத் திண்ணைகளைக் கண்டால் சொந்த ஊருக்கு வந்துவிட்டது போல இருக்கும்.

அங்கே ஒரு சந்தின் முனையில்தான் அந்த முதியவர் நின்றிருந்தார். கட்டம் போட்ட லுங்கி, தோளில் சிவப்புத் துண்டு. விரலிடுக்கில் பிடித்திருந்த பித்தளை மணியை ரிக்‌ஷாவின் மரத்தண்டில் இரண்டு முறை தட்டி, “வாருங்கள் பாபு” என்றார். “நடந்து பார்ப்பதற்காகவே வந்தேன். மனிதர் இழுக்கும் வண்டியில் நான் ஏறுவதில்லை” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். சொல்லும்போது நெஞ்சில் ஒரு நிறைவு இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

அவர் தலையசைத்துவிட்டு, “இன்னும் போஹ்னி ஆகவில்லை பாபு” என்றார்.

போணி என்று நாம் சொல்லும் அதே சொல்தான். காலையிலிருந்து முதல் வருமானம் வரவில்லை. நான் ஐம்பது ரூபாய் எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. “ஏறினால் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் வந்த வேறொருவரை நோக்கி மணியைத் தட்டினார். நீட்டிய நோட்டுடன் சாலை நடுவே நின்றது நான்தான்.

மேற்கொண்டு நடந்தபோது தெருக்கள் கண்ணில் பதியவில்லை. நான் ஏறாததால் அவருக்கு என்ன நன்மை? என் மனசாட்சி தூய்மையாக இருந்தது. அவரது வயிறு காலியாக இருந்தது. என் தூய்மைக்கான விலையை அவர் கொடுத்தார். ஏறியிருந்தால்? என்னினும் மூத்த ஒருவர் குனிந்து இழுக்க, நான் உயரத்தில் அமர்ந்து விவேகானந்தர் பிறந்த வீட்டைத் தரிசிக்கச் சென்றிருப்பேன். இரண்டில் எது தர்மம்?

அந்த வீடு அங்கிருந்து சிறிது தூரம்தான். கௌர்மோகன் முகர்ஜி தெரு, 3-ஆம் எண். பாழடைந்து கிடந்த மாளிகையை ராமகிருஷ்ண மிஷன் புதுப்பித்து 2004-இல் திறந்தது. நரேந்திரர் 1863 ஜனவரி 12 அன்று பிறந்த இடத்தில் அமர்ந்தபோது, அவரது வாழ்வில் நடை எத்தகைய இடம் பெற்றிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தேன். 1884-இல் தந்தையார் திடீரென மறைந்தார். வண்டி வைத்து வாழ்ந்த குடும்பம் கடனில் மூழ்கியது. பட்டம் பெற்ற அந்த இளைஞர் வெறுங்காலுடன், பல நாள் பட்டினியுடன், மனுவைக் கையில் ஏந்தி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். ஒருநாள் வெயிலில் பாதம் புண்ணாகி, மைதானத்தில் உள்ள அக்டர்லோனி நினைவுத் தூணின் நிழலில் களைத்து அமர்ந்தார். 1969 முதல் ஷஹீத் மினார் என்று வழங்கும் தூண் அது. இன்னொரு நாள் மழையில் நனைந்து, ஓர் அடிகூட எடுத்து வைக்க இயலாமல், வழியிலிருந்த ஒரு வீட்டின் திண்ணையில் சாய்ந்துவிட்டார். கருணையே வடிவான இறைவனின் படைப்பில் ஏன் இத்தனை துன்பம் என்று அவரை வாட்டிவந்த கேள்வி அந்தத் திண்ணையில்தான் அவருக்குத் தீர்ந்தது. உள்ளத்தை மூடியிருந்த திரைகள் ஒவ்வொன்றாக விலகியதாகவும், எழுந்தபோது உடலில் களைப்பே இல்லை என்றும் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார்.

நான் நடந்ததும் அதே தெருக்களில்தான். ஆனால் அவர் வழியில்லாமல் நடந்தார். நான் ஓய்வு இருந்ததால் நடந்தேன். என் கால்களுக்கு விருப்பம் இருந்தது. விரும்பாதபோது கையை உயர்த்தினால் ஒரு டாக்ஸி வந்து நிற்கும். நடப்பது என்ற செயல் இருவருக்கும் ஒன்றே. ஆயினும் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு யோசித்தபோது வேறு சில காட்சிகள் தெளிவாயின. சியால்தாவில் சுவாமிஜியின் வண்டியை இழுத்த மாணவர்களும் மனிதர்களே. அதற்குச் சில வாரங்களுக்கு முன், பாம்பனில் அவர் கரையிறங்கியபோது, இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியும் மக்களோடு சேர்ந்து அவரது வண்டியை இழுத்தார். மன்னர் அதனால் தாழ்ந்துபோகவில்லை. நம் பெரிய புராணம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. திருப்பூந்துருத்திக்கு ஞானசம்பந்தர் முத்துச் சிவிகையில் வருகிறார். அப்பர் பெருமான் முதுமைப் பருவத்தில், எவரும் அறியாமல் கூட்டத்தில் புகுந்து சிவிகையைத் தோளில் தாங்குகிறார். அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்க, அடியேன் சிவிகை தாங்கும் பேறு பெற்று வந்தேன் என்று கீழிருந்து விடை வருகிறது. சம்பந்தர் பதறிக் கீழே குதித்து அவரை வணங்குகிறார்; அதற்குள் அப்பர் அவரை வணங்குகிறார்.

சுமத்தல் இழிவு என்றால் அப்பர் செய்தது என்ன? ஆகவே இழிவு தோளிலும் இல்லை, சிவிகையிலும் இல்லை. சேதுபதி மன்னர் எந்த நொடியிலும் கயிற்றை விட்டுவிட்டு அரண்மனைக்குத் திரும்பலாம். அப்பர் எந்த நொடியிலும் தோளை விலக்கிக்கொள்ளலாம். விட்டுவிடக் கூடியவர் விடாமல் சுமப்பது அன்பு. விட்டால் மாலையில் அடுப்பு எரியாது என்பதால் சுமப்பது வேறு. அந்த முதியவர் தண்டைக் கீழே வைத்தால், பீகாரின் ஏதோ ஒரு சிற்றூரில் ஒரு குடும்பம் பசித்திருக்கும். அவரிடம் இல்லாதது மரியாதை அன்று. அதை அவர் என்னைவிட நன்றாகவே காப்பாற்றிக்கொண்டார். இல்லாதது விருப்பத்திற்கான இடம்.

இங்கே ஒரு வழுக்கு நிலம் உண்டு. வேதாந்தம் பயின்றவர்களே அதில் வழுக்கி விழுகிறார்கள். ஜடபரதரின் கதையை நாம் அறிவோம். மன்னனின் பல்லக்கைச் சுமக்க அவரைப் பிடித்து நிறுத்துகிறார்கள். எறும்பை மிதித்துவிடக் கூடாதே என்று அவர் பார்த்துப் பார்த்து நடக்க, பல்லக்கு குலுங்குகிறது. மன்னன் சினந்து ஏசுகிறான். அப்போது ஜடபரதர், பூமியின் மேல் பாதம், பாதத்தின் மேல் கால், அதன் மேல் உடல், உடலின் மேல் தோள், தோளின் மேல் பல்லக்கு, இதில் சுமப்பவன் யார், சுமக்கப்படுபவன் யார் என்று கேட்கிறார். ஆன்மாவுக்குப் பாரம் ஏது? மிக உயர்ந்த உபதேசம். ஆனால் அதைச் சொன்னவர் எங்கே நின்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். பல்லக்கின் அடியில் நின்று சுமந்தவர் சொன்னார். மேலே அமர்ந்திருந்த மன்னன் அதே சொற்களைச் சொல்லியிருந்தால் அது ஞானம் ஆகாது, கொடுமை ஆகும். எல்லாம் ஒரே ஆன்மா, எந்தத் தொழிலும் இழிவில்லை என்று இருக்கையில் சாய்ந்தபடி பேசுவது நமக்கு எளிது. நானே பல மேடைகளில் அவ்வாறு பேசியிருக்கிறேன்.

சிம்லாவிலிருந்து பாக்பஜாருக்கு வடக்கு நோக்கி அரைமணி நேர நடை. ஹேதுவா குளம், நரேந்திரர் படித்த கல்லூரி, ஹாத்திபாகான் கடைவீதி எல்லாவற்றையும் கடந்து பலராம் போஸின் இல்லத்தை அடைந்தேன். ஸ்ரீராமகிருஷ்ணர் நூறு முறைக்கு மேல் வந்த வீடு. 1897 மே 1 அன்று ராமகிருஷ்ண மிஷன் தோன்றியதும் இங்கேதான். மாடிக் கூடத்தில் அமர்ந்திருந்தபோது, அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் தட்சிணேசுவரத்தில் நடந்ததை நினைத்தேன். ஜீவர்களிடம் தயை காட்ட வேண்டும் என்ற வைணவ நெறியை விளக்கிக்கொண்டிருந்த ஸ்ரீராமகிருஷ்ணர், தயை என்ற சொல்லில் நின்றுவிட்டார். சமாதி நிலையிலிருந்து மீண்டதும், தயை காட்ட நீ யார் என்று கேட்டு, ஜீவனைச் சிவனாகக் கருதித் தொண்டு செய்வதே முறை என்றார். கேட்டிருந்தவர்களில் நரேந்திரர் ஒருவரே அதன் ஆழத்தை உணர்ந்தார்.

இந்த நிகழ்ச்சியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஐம்பது ரூபாய் நோட்டு திரும்பி வந்த நாளில்தான் அது எனக்கு உரைத்தது. நான் காட்டியது தயை. அதில் நான் மேலே இருந்தேன், ரிக்‌ஷாவில் ஏறாமலேயே! அவர் அந்த உயரத்தை ஏற்க மறுத்தார். வேலைக்குக் கூலி என்ற சம தளத்தில் மட்டுமே என்னைச் சந்திக்க இசைந்தார்.

அங்கிருந்து சில அடிகளில் போஸ்பாரா சந்து. சகோதரி நிவேதிதை வாழ்ந்த தெரு. 1899-இல் பிளேக் நோய் பரவியபோது அவர் துடைப்பத்தை எடுத்துச் சந்தைத் தாமே பெருக்கத் தொடங்கினார். அதைக் கண்டு வெட்கிய தெரு இளைஞர்கள் துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். குப்பையைக் கண்டு மூக்கைப் பொத்தியபடி வேறு தெரு வழியே போயிருந்தாலும் அவரது தூய்மை கெட்டிருக்காது; தெருதான் அப்படியே இருந்திருக்கும்.

அப்படியானால் கைரிக்‌ஷா நீடிக்க வேண்டும் என்கிறேனா? இல்லை. மனிதரை மனிதர் குதிரையைப் போல் இழுக்கும் வண்டி ஒழியத்தான் வேண்டும். மேற்கு வங்க அரசு 2005-இல் அதை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2006-இல் சட்டமும் இயற்றியது. ஆனால் இழுப்பவர்கள் எதைக்கொண்டு பிழைப்பார்கள் என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லாததால் தொழிலாளர்களே அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்கள். சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. மகாராஷ்டிரத்தில் மாத்தேரான் மலை ஊரின் கைரிக்‌ஷாக்களை ஆறு மாதத்திற்குள் நிறுத்துமாறு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, மறுவாழ்வுத் திட்டத்தையும் சேர்த்தே ஆணையிட்டது. நிதியில்லை என்று சாக்குச் சொல்லக் கூடாது என்றும் கூறியது. இதுதான் சரியான வரிசை என்று எனக்குத் தோன்றுகிறது. வண்டியைப் பறிப்பது எளிது. வேறொரு கதவைத் திறந்துவிட்டு, பிறகு வண்டியைக் கேட்பதுதான் கடினம். ஒழிப்பு என்ற சொல்லில் நம் அருவருப்பு எவ்வளவு, அவர்கள் நலன் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

நான்கு நாட்களுக்குப் பின் பேரனுக்கு வங்க எழுத்துப் பயிற்சி நூல் வாங்க மீண்டும் காலேஜ் தெருவுக்குச் சென்றேன். கடையில் இருந்தபோதே மழை கொட்டத் தொடங்கியது. டன்டனியா பக்கம் தாழ்வான நிலம். ஒரு மணி நேரத்தில் முழங்கால் வரை நீர் நின்றது. பேருந்து இல்லை, டாக்ஸி இல்லை. பாதாளச் சாக்கடையின் மூடி எங்கே திறந்திருக்கிறதோ என்ற அச்சத்தில் எவரும் காலை வைக்கவில்லை. அந்த நீரில் மணியொலியோடு வந்தவை கைரிக்‌ஷாக்கள் மட்டுமே. வயதான பெண்மணி ஒருவர், மருந்துப் பெட்டியுடன் ஒருவர், பள்ளிக் குழந்தைகள் என்று ஊரையே அவை கரை சேர்த்துக்கொண்டிருந்தன.

ஏறினேன். அன்றைய முதியவர் அல்லர். ஐம்பது வயதிருக்கும் வேறொருவர். இருக்கை நான் நினைத்ததைவிட உயரம். கண் முன்னே தெரிவது இழுப்பவரின் பிடரி மட்டும்; முகம் தெரியாது. இந்த வண்டிக்குத் தடை என்று எதுவும் இல்லை. அவரது உடலே தடை. நான் கூச்சத்தில் பின்னால் சாய்ந்தேன். உடனே தண்டுகள் மேலே எழும்பின. அவரது கால்கள் நீருக்குள் தடுமாறின. “நேராக உட்காருங்கள் பாபு. நீங்கள் சரியாக உட்கார்ந்தால் எனக்குப் பாரம் இல்லை” என்றார். அதன் பிறகு வழி முழுவதும் அவர் சொன்னபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

மேட்டில் இறங்கியதும் கேட்ட கூலியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பக்கத்துக் கடையில் மண் குவளையில் தேநீர் வாங்கி இருவரும் நின்றபடி குடித்தோம். எந்த ஊர் என்று கேட்டார். மதராஸ் பக்கம் என்றேன்.

“அங்கே இந்த வண்டி உண்டா?”

“முன்பு இருந்தது. 1973-இல் அரசு நிறுத்திவிட்டது. இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள்.”

அவர் சிறிது நேரம் யோசித்தார். “நல்ல காரியம்தான்” என்றார். பிறகு, “மிதிக்க முடியாத வயதில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் பாபு?” என்று கேட்டார்.

அவர்களைப் பற்றி நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பேசாமல் நின்றேன். அவர் காலிக் குவளையை ஓரமாக எறிந்துவிட்டு, துண்டால் மணியைத் துடைத்து விரலில் மாட்டிக்கொண்டார். நீருக்கு அப்பால் சீருடை அணிந்த இரண்டு சிறுமிகள் புத்தகப் பையைத் தலைமேல் வைத்தபடி கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.